வேலாயியின் பாட்டுக்குக் கீழே நான்கு வரி

டயகம
20.01.2025

அன்புள்ள ஜெயந்தினி,

நான் நலம். நீ நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். பொங்கலுக்கும் நீ வரவில்லை. உனக்கென்று எடுத்து வைத்த முறுக்கை உன் அம்மா மூன்றாம் நாள் என்னிடம் தந்துவிட்டார். நானும் மிச்சம் வைக்கவில்லை.

போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன கிழமை கொழும்பிலிருந்து நான்கு மாணவர்கள் நம் வாசிகசாலைக்கு வந்தார்கள். இணையத்தில் நீ செய்த பாட்டு நூலகத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, "ஜெயந்தினி மிஸ்ஸோட ஊர் இதுதானா?" என்று கேட்டார்கள். தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாக ஏறி இருநூற்றுப் பதினான்கு பாட்டையும் பதிவு செய்தது நாம் இருவரும். ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று மொழியில் குறிப்பு வேண்டும் என்றாய். தமிழ் என் பொறுப்பு, ஆங்கிலம் உன் பொறுப்பு. தமிழில் எல்லாப் பாட்டின் கீழும் 'தொகுத்தவர்கள்: இராஜகுமாரி, ஜெயந்தினி' என்று எழுதினேன். உன் பக்கத்தை நான் எட்டிப் பார்த்ததில்லை. அவர்கள் போன பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தேன். திறந்த பாட்டிலெல்லாம் உன் பெயர் மட்டும்.

எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், மறைக்கவில்லை. அட்டை இருவர் காலையும்தானே கடித்தது?

உன் அம்மா சுகம். பின்னேரம் வாசிகசாலைக்கு வந்து, 'பாடியவர்: வேலாயி' என்று தன் பெயர் போட்ட அட்டைப் பாட்டைப் போடச் சொல்லிக் கேட்பார். அதன் கீழே நான் எழுதிய நான்கு வரியையும் வாசித்துக் காட்டுவேன்.

பதில் போடு.

இராஜகுமாரி


வெள்ளவத்தை
02.02.2025

அன்பு குமாரி,

முறுக்கு வீணாகாமல் உன் வயிற்றுக்குப் போனதில் சந்தோசம்.

இதற்கெல்லாமா கோபம்? ஆங்கிலப் படிவத்தில் 'தொகுத்தவர்' கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம். அவசரத்தில் என்னுடையதைப் போட்டேன். பிறகு திருத்தலாம், கொஞ்சம் பொறு. இப்போதுதான் சிங்களக் குறிப்புகளைத் தொடங்கியிருக்கிறோம், தலைக்கு மேல் வேலை.

ஒன்று மட்டும் கவனி. எந்தப் பாட்டிலும் தமிழ்க் கட்டத்தை வெறுமையாக விடாதே. விட்டால் தமிழ்ப் பக்கத்திலும் நான் எழுதிய ஆங்கிலம்தான் வந்து நிற்கும். அங்குள்ளவர்கள் திட்டுவார்கள்.

உனக்கு நல்ல சுவெட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள்.

உன் ஜெயா


டயகம
11.02.2025

ஜெயந்தினி,

ஒரு பெயருக்குத்தான் இடம் என்றாய். முப்பத்தோராவது பாட்டை ஆங்கிலத்தில் பார்த்தேன். தொகுத்தவர்கள் ஜெயந்தினி, யோகேஸ்வரன். அன்றைக்கு மழையில் நமக்குக் குடை பிடித்த மாஸ்டருக்கு அங்கே இடம் இருக்கிறது. எனக்கு இல்லை.

அதனால் தமிழ்ப் பக்கங்களிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டேன். இரண்டு நாள் வேலை. முதல் நூறு வரைக்கும் சந்தோசமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

உன் அம்மாவின் பாட்டுக்கு வந்தபோது நீ எழுதியதையும் பார்த்தேன். 'இந்த இடத்தில் பாடுபவர் வரியை மறந்துவிடுகிறார்.' உன் அம்மா எந்த வரியையும் மறக்கவில்லை. கங்காணியின் காற்சட்டைக்குள் அட்டை ஏறும் இடத்தில் நீ சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரிப்பாயாம். அந்தச் சிரிப்புக்கு இடம் விட்டு நிறுத்துகிறார். தமிழில் நான் அதைத்தான் எழுதியிருக்கிறேன். வாசித்திருந்தால் தெரிந்திருக்கும்.

சுவெட்டர் வேண்டாம்.

இராஜகுமாரி


வெள்ளவத்தை
23.02.2025

குமாரி,

நான் சொன்னது பொய். இடம் இருந்தது. முதலில் ஆங்கிலத்திலும் நம் இருவர் பெயரும்தான் இருந்தன.

உன் நான்கு வரியை நீ எழுதிய அன்றே வாசித்தேன். என் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை நீ எழுதியிருந்தாய். நான் ஏதாவது கேட்டால் "வேலயப் பாரு" என்பார். உன்னிடம் சொல்லியிருக்கிறார். போன் எடுத்தாலும் உன் பேச்சுத்தான். குமாரி மருந்து வாங்கிக் குடுத்தா, குமாரி கூரையில தகரம் போட ஆள் கூட்டி வந்தா. நான் அனுப்பும் எதையும் பற்றி இவ்வளவு பேசியதில்லை. என் அம்மாவை நீ எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அன்றைக்கே உட்கார்ந்து உன் பெயரை ஒவ்வொன்றாக எடுத்தேன். 'மறந்துவிடுகிறார்' என்று எழுதியதும் தெரிந்தேதான். நீ எழுதியது உண்மையாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

இப்போது உன் பெயரைத் திரும்பப் போட்டுவிட்டேன். அம்மாவின் பாட்டுக்குக் கீழேயும் மாற்றி எழுதியிருக்கிறேன். 'இந்த இடத்தில் அவர் மகளுக்காகக் காத்திருக்கிறார்.' தமிழில் என் பெயரைப் போடுவதும் விடுவதும் உன் விருப்பம்.

ஜெயந்தினி


டயகம
08.03.2025

அன்புள்ள ஜெயா,

இருநூற்றுப் பதின்மூன்று பாட்டில் உன் பெயரைத் திரும்பப் போட்டேன். விரல் வலிக்கிறது. நமக்கு இது தேவைதான்.

மிச்சமுள்ள ஒன்று உன் அம்மாவின் பாட்டு. அதில் என் நான்கு வரியையும் என் பெயரையும் சேர்த்து அழித்துவிட்டேன். கட்டத்தை வெறுமையாக விடாதே என்றாய், விட்டேன். நீ சொன்னபடியே உன் ஆங்கிலம் வந்து நின்றது.

உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "என்னா புள்ள, எழுத்து மாறிக் கெடக்கு?"

"ஒங்க மக எழுதினதும்மா. வாசிக்கவா?"

"வேணாம். அவ வந்து வாசிக்கட்டும். நீ கடதாசியில எடுத்துக் குடு."

அச்செடுத்துக் கொடுத்தேன். மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். ஒரு வருசமாக என் நான்கு வரியை வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஒரு நாளும் அதைக் கடதாசியில் கேட்டதில்லை. தனக்கு வாசிக்கத் தெரியாத உன் ஆங்கில வரி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அந்தப் பாட்டுக்குத் தமிழில் இனி நான் எழுதமாட்டேன். நீ வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுது. ஹட்டனில் இறங்கு, நான் வந்து நிற்கிறேன். சுவெட்டரையும் கொண்டு வா, இங்கே குளிர் விடவில்லை.

நேற்றுப் பாட்டைப் போட்டபோது அவரும் கூடவே பாடினார். கங்காணியின் காற்சட்டை வந்ததும் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அது நீ சிரிக்க வேண்டிய இடம்.

உன்
குமாரி