பூங்காவில் இரண்டு சுற்று

திங்கட்கிழமை, அக்டோபர் 12, 1908

அன்பு மகள் லிப்ராதாவுக்கு அப்பா பௌலினோ எழுதிக்கொண்டது. குவாதலூப்பே மாதா தயவில் இங்கே நானும் எட்டுக் கோழிகளும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை, அது எப்போதும் தனிக்கட்சிதான். அங்கே குவாதலஹாராவில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேரனுக்குப் பல் முளைக்கிறது என்று எழுதியிருந்தாய், காய்ந்த ரொட்டித் துண்டைக் கடிக்கக் கொடு, நீ அந்த வயதில் என் பெல்ட்டைக் கடித்தாய், தழும்பு இன்னும் அதில் இருக்கிறது. வேறு யாராவது எழுதி உனக்குத் தெரிவதற்குள் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன். சுதந்திர தினத்தன்று மாலை, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஐம்பத்தெட்டு வயது உன் அப்பன் புதுப் பூங்காவில் பெண்கள் போகிற திசையில் நடந்துவிட்டான். ஒரு சுற்று இல்லை, இரண்டு சுற்று.

நீ கல்யாணமாகிப் போனபோது ரயிலடிக்கும் கோவிலுக்கும் நடுவே ஆடு மேய்ந்த பொட்டல் ஒன்று இருந்ததே, அதுதான் இப்போது பூங்கா. நடுவில் இரும்பு மண்டபம், அதில் வாத்தியக் குழு, சுற்றிலும் பெஞ்சுகள், இடுப்பு உயரத்துக்கு மரக்கன்றுகள். நிழல் வர இன்னும் இருபது வருஷம் ஆகும், ஆனால் அவரவர் நட்ட மரத்தைக் காட்டி இப்போதே பெருமையடித்துக்கொள்கிறோம். நாம் வந்தபோது சுங்கச் சாவடி, ஒரு கிணறு, பதினோரு வீடு, அவ்வளவுதானே. இப்போது ஐஸ் தொழிற்சாலை, இரண்டு ஹோட்டல், நம் தெருவுக்குக்கூடப் பெயர் வைத்துப் பலகை அடித்துவிட்டார்கள். காலையில் வேலைக்குப் போன குறுக்கு வழியில் மாலையில் யாரோ சுவர் எழுப்பியிருக்கிறார்கள், நான் சுற்றிக்கொண்டு வருகிறேன். ஒவ்வொரு ரயிலும் சினலோவா, சகாதேகாஸ், துரங்கோ என்று எங்கெங்கோ இருந்து ஆட்களை இறக்குகிறது, சந்தையில் ஒரே மிளகாய்க்கு நாலு பெயர் சொல்கிறார்கள். இத்தனை ஊர்க்காரர்களும் ஒன்றாக நடந்து பார்த்ததே இல்லை என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

உனக்குத் தெரிந்ததுதான், வாத்தியம் வாசிக்க ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் எதிர்ப்பக்கமுமாகச் சுற்றுவோம், ஒருத்தன் திரும்பி ஒருத்தியோடு அவள் போகிற திசையிலேயே சேர்ந்து நடந்துவிட்டால் ஊர் முன்னால் நிச்சயம் ஆன மாதிரி. ஆனால் யாருக்கு எந்தப் பக்கம் என்பது ஊருக்கு ஊர் மாறும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நம் சொந்த ஊர் ஆலமோஸில் ஆண்கள் வலமாகச் சுற்றுவோம், மற்றவர்கள் ஊர்களில் இடமாகவாம். முதல் பாட்டுக்கே தொப்பியும் தொப்பியும் மோதிக்கொண்டன, ஒரு சினலோவாக்காரரின் சுருட்டு என் நல்ல சட்டையில் ஓட்டை போட்டது, எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கத்து அமெரிக்கர்கள் இதுவும் விழா நிகழ்ச்சிதான் என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஆலமோஸ்காரர்கள் நாலைந்து பேர் மெல்லத் திரும்பிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள், நான் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வலமாகவே போனேன். என் பக்கத்தில் வந்தது ரயிலடியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் தோன்யா எர்லிந்தா. துரங்கோக்காரர், கணவரைச் சுரங்கத்தில் பறிகொடுத்தவர், நாலு வருஷமாக என் மதியச் சாப்பாடு அவர் கையால்தான். முதல் சுற்று முடிகிற இடத்தில் அவர் என்னிடம், "தோன் பௌலினோ, எதிர்ல வர்றவங்க எல்லாருக்கும் மீசை இருக்கே, கவனிச்சீங்களா?" என்றார். நான், "திருவிழாவாச்சே, வளர்த்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டு இரண்டாவது சுற்றையும் நடந்து முடித்தேன்.

மறுநாள் காலை சுங்கச் சாவடியில் என் தராசுக்குப் போனால் மூட்டை தூக்குகிறவர்கள், "புது மாப்பிள்ளை வர்றாரு, வழி விடுங்கடா!" என்று வரிசை கட்டி நிற்கிறார்கள். வாத்தியக் குழுத் தலைவன் நிக்கானோர் வேறு வந்து, "கல்யாணத்துக்கு என்ன பாட்டுன்னு இப்பவே சொல்லிடுய்யா, என் பசங்களுக்கு மொத்தமே ஆறு பாட்டுதான் தெரியும்" என்றான். அடுத்த வாரம் நகரசபை கூடியது. தண்ணீர்க் குழாய் விஷயம் இரண்டு வருஷமாகத் தூங்குகிறது, இதற்கு மட்டும் அவசரக் கூட்டம். மூன்று மணி நேரம் அவரவர் ஊர்ப் பெருமை. சீனக் கடைக்காரர் தோன் மனுவேல்தான், "எந்தப் பக்கம் நடந்தாலும் என் கடையைத் தாண்டித்தானே போகணும், எனக்கு ரெண்டும் சம்மதம்" என்று சிரிக்க வைத்தார். கடைசியில் கை தூக்கச் சொல்லி, ஆண்கள் இடமாக, பெண்கள் வலமாக என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். என் பக்கம் தோற்றது, இருந்தாலும் எனக்கு என்னவோ சந்தோஷமாக இருந்தது, இனி இது சினலோவா வழக்கமும் இல்லை, துரங்கோ வழக்கமும் இல்லை, எங்கள் ஊர் வழக்கம். அப்புறம் நகரசபைத் தலைவர் என் பக்கம் திரும்பி, "தோன் பௌலினோ, தெரியாமத்தான் நடந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, எழுதிக்குறோம், அந்தம்மா பேருக்கும் நல்லது" என்றார். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். "எங்க ஊர் வழக்கம்ங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் மதியம் தோன்யா எர்லிந்தா என் முன்னால் அவரைக்கொட்டை போட்ட தட்டை வைத்துவிட்டு, "சபையில என் பேரைக் காப்பாத்துனாங்களாமே? அது தொலைஞ்சு போச்சுன்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே" என்றார். ரொட்டி அன்றைக்கு ஒன்று கூடுதலாக இருந்தது.

இப்போது ஞாயிறு வந்தால் எனக்குச் சங்கடம். ஆண்களோடு நடந்தால் அவரை ஊரறியக் கைவிட்ட மாதிரி, பெண்கள் பக்கம் நடந்தால் முடிவு சொன்ன மாதிரி, உன்னைக் கேட்காமல் இரண்டும் செய்ய எனக்கு மனசு வரவில்லை. அதனால் நிக்கானோரைக் கெஞ்சி மூன்று ஞாயிறாக மண்டபத்தில் ஏறிப் பித்தளைத் தட்டுகளை மோதிக்கொண்டிருக்கிறேன். "நான் கை தூக்குனா தட்டு, அந்தம்மா தாண்டிப் போறப்பல்லாம் தட்டாத" என்று அவன் கத்துகிறான். உன் அம்மா தொமாசா போய் ஆறு வருஷம் ஆகிறது, அவள் இடம் அவளுக்குத்தான், அவள் வைத்த மாதுளை இந்த வருஷம் கிளை தாங்காமல் காய்த்திருக்கிறது. தோன்யா எர்லிந்தாவை நீ அம்மா என்று கூப்பிட வேண்டாம், அவரும் அதைக் கேட்கிற ஆள் இல்லை. நீ வேண்டாம் என்று எழுதினால் எனக்கு வருத்தமே இருக்காது என்று சொன்னால் அது பொய், ஆனாலும் உன் பேச்சைக் கேட்டு ஆண்களோடு இடமாக நடப்பேன்.

கல்லறைத் திருநாளுக்கு உன் அம்மாவுக்குச் செண்டுப்பூ கொண்டுபோகும்போது அவளிடம் நான் ஏதாவது சொல்லியாக வேண்டும், அதனால் அதற்குள் பதில் வந்துசேரும்படி மறக்காமல் எழுது. பாலை நன்றாகக் காய்ச்சிக் கொடு, மாப்பிள்ளையை மழையில் தொப்பியில்லாமல் அனுப்பாதே. உனக்கும் உன் வீட்டுக்கும் மாதாவின் துணை என்றும் இருக்கட்டும், பேரன் நெற்றியில் என் பெயரைச் சொல்லி ஒரு சிலுவை போடு.

இப்படிக்கு, தட்டும் கையுமாகக் காத்திருக்கும் உன் அப்பா,
பௌலினோ யெஸ்காஸ்

கையெழுத்துக்குக் கீழே ஒன்று. நகரசபையில் கேட்டபோது நான் வாய்விட்டுச் சொல்லாதது இது, உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த மீசைகளையெல்லாம் நான் அவர் சொல்வதற்கு முன்பே பார்த்துவிட்டேன்.