மூன்றாம் படியில் இரண்டு பேர்

18 செப்டம்பர் 2025, வியாழன்
ஐ.என்.ஏ. மார்க்கெட் போய்க் கொண்டைக்கடலை வாங்கி வந்தேன். கடைக்கார பையா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். உட்கார இடமில்லாத கடைதான்; இருந்தாலும் நின்றது எனக்காகத்தான்.

அண்ணன் பெண் ஷ்ரேயா ஹாஸ்டலிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியோடு வந்திருக்கிறாள். இந்த வருஷக் கொலுவில் மூன்றாம் படி தனக்கு வேண்டுமாம். கொடுத்தேன். லோதி ரோடு வட்டாரத்திலேயே என் கொலுவுக்குத்தான் கூட்டம். பொம்மைக்காக இல்லை, பக்கத்தில் நின்று நான் சொல்லும் கதைக்காக.

21 செப்டம்பர், ஞாயிறு
பெட்டியைப் பிரித்தாள். எல்லாம் காகிதக்கூழில் அவளே செய்தவை. ஜெர்மன்காரனின் ரகசியக் குறியீட்டை உடைத்த, கம்ப்யூட்டருக்கே அப்பன் என்கிற டூரிங். விண்வெளிக்குப் போன சாலி ரைட். பரதநாட்டியத்துக்குப் பத்மஸ்ரீ வாங்கிய நர்த்தகி நடராஜ். யவன ராஜா அலெக்சாண்டர், பக்கத்தில் ஹெஃபாஸ்தியோன் என்று வாயில் நுழையாத ஒருவன்.

இவர்கள் எல்லாம் ஏன் ஒரே படியில் என்றேன். ஆணை நேசித்த ஆண், பெண்ணோடு வாழ்ந்த பெண், ஊர் ஆண் என்று சொன்னாலும் தன்னைப் பெண் என்று அறிந்தவர் — சரித்திரம் முழுக்க இருந்திருக்கிறார்களாம். “ஹெஃபாஸ்தியோன் செத்தப்போ அலெக்சாண்டர் அந்த உடம்பை விட்டு நகரலைன்னு எழுதி வெச்சிருக்கா சித்தப்பா.”

சீ. சாமிக்கு இரண்டு படி கீழே! நான் எட்டாம் கிளாஸோடு நின்றவன்தான், ஆனால் நாலு அண்டர் செக்ரட்டரிகளின் டிராஃப்டைத் திருத்தியவன். நான் படித்த சரித்திரத்தில் இப்படி ஒருத்தரும் கிடையாது.

22 செப்டம்பர், திங்கள்
அவள் குளிக்கப் போன சமயம் அந்த ஹெஃபாஸ்தியோனை ஐந்தாம் படிக்கு இறக்கி, செட்டியார் பொம்மைக்குப் பின்னால் நிறுத்திவிட்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

24 செப்டம்பர், புதன்
நல்ல கூட்டம். டூரிங்குக்கு ஒரு மனைவியும் நாலு பிள்ளைகளும் கொடுத்தேன். கடைசிப் பிள்ளைக்கு மாம்பழம் என்றால் உயிர். ரயில்வே ரிசர்வேஷன் கம்ப்யூட்டரை அவரே டெல்லிக்கு வந்து மாட்டினார், ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுத்தது நான். மாமிகள் இன்னொரு கை சுண்டல் வாங்கிக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும் ஷ்ரேயா சொன்னாள்: “பொய்க்கதை சொல்லி இவா எல்லாரையும் திரும்ப பீரோக்குள்ள வெச்சுப் பூட்டிட்டேள்.” தமிழில் தேதி எழுதத் தெரியாத பெண். இது மட்டும் வருகிறது.

26 செப்டம்பர், வெள்ளி
அச்சுதன் வந்தான். என் செக்‌ஷன்காரன், முப்பது வருஷப் பழக்கம். அவனும் வெங்கட்ராமனும் முப்பத்தோரு வருஷம் ஒரே ஃபிளாட்டில் இருந்தார்கள். பிப்ரவரியில் வெங்கட்ராமன் போய்விட்டான். அந்தக் காலத்தில் காலனியில் வாய்கள் கிளம்பியபோது, இருவரும் அத்தை பிள்ளை, மாமா பிள்ளை என்று சொல்லி மூடியவன் நான்தான். இல்லாத அந்த அத்தைக்குக் கும்பகோணத்தில் இரட்டை மாடி வீடுகூடக் கட்டிக் கொடுத்திருந்தேன். மற்றபடி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பியதில்லை.

டூரிங் கதை முழுவதையும் கேட்டான். சுண்டலைத் தொடவில்லை. செட்டியாருக்குப் பின்னால் யார் என்று கேட்டான். ஷ்ரேயா சொன்னாள் — அந்த உடம்புக் கதையையும் சேர்த்து.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னான்: “பட்டாபி, உன் கதையாலதான் முப்பது வருஷம் நிம்மதியா இருந்தோம். உன் கதையாலதான் அன்னிக்குக் கடைசி வரிசையில நின்னேன்.”

27 செப்டம்பர், சனி
சுண்டல் கசக்கிறது. உப்பு காரம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறாள் என் மனைவி காமாக்ஷி.

29 செப்டம்பர், திங்கள்
எழுதிவிடுகிறேன். பிப்ரவரியில் மயானத்தில் வெங்கட்ராமனின் தம்பி அச்சுதனைக் காட்டி, இவர் யார் என்று என்னிடம் கேட்டான். சொந்தத் தம்பியிடம் அத்தை பிள்ளைக் கதை செல்லாதே. சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன் — “வாடகைக்கு இருக்கிறவர்.” உடனே, சார் கொஞ்சம் பின்னாடி நில்லுங்கோ என்றார்கள். அவன் நின்றான். வெங்கட்ராமன் முகத்தைக்கூட அவனால் பார்க்க முடியவில்லை. அங்கேயே ஃபிளாட் சாவியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

நான் என்ன செய்தேன்? ஊருக்குத் திரும்பும் உறவுக்காரர்களுக்குத் தத்கால் டிக்கெட் எடுத்துக் கொடுத்த பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன். தூ! பொம்மையைத் தொட்ட கையைக் கழுவினேனே, இந்த வாயை எதைப் போட்டுக் கழுவுவது?

1 அக்டோபர், புதன், சரஸ்வதி பூஜை
ஹெஃபாஸ்தியோனை மூன்றாம் படியில் பழைய இடத்திலேயே வைத்தேன். ஷ்ரேயா பார்த்தாள். அச்சுதனுக்குப் போன் செய்தேன். முதல் இரண்டு தடவை எடுக்கவில்லை.

2 அக்டோபர், வியாழன், விஜயதசமி
சாயங்காலம் வந்தான். மூன்றாவது மாடி பாப்பம்மாள் மாமி, இவர் உங்களுக்குச் சொந்தமா என்றாள். நாக்கில் ஏழெட்டுக் கதைகள் வந்து நின்றன. “இவர் அச்சுதன். வெங்கட்ராமன்னு ஒருத்தரோட முப்பத்தோரு வருஷம் வாழ்ந்தவர். அவர் பிப்ரவரியில போயிட்டார்” என்றேன். இத்தனை சின்னக் கதை நான் சொன்னதே இல்லை. மாமிக்கு முகம் சுளித்துப் போயிற்று, அச்சா என்று கிளம்பிவிட்டாள். சுண்டலை எடுத்துக்கொண்டுதான் போனாள். அந்த முகத்தைப் பார்த்தபோது, பத்து நாளாக நான் வைத்திருந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது. அருவருப்பாக இருந்தது.

எனக்கு இன்னும் இதெல்லாம் பிடிபடவில்லை. பொய் எழுத மாட்டேன்.

ஆரத்தி ஆனதும் கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது வழக்கம். நீ செய் என்றேன் அச்சுதனிடம். அவன் மூன்றாம் படியில் இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தான். ஒன்றுதானே வழக்கம் என்று காமாக்ஷி சொல்வாள் என்று பார்த்தேன். அவள் உள்ளே போய் ஒரு துண்டு எடுத்து வந்து இருவருக்கும் போர்த்தினாள்.

நாளைக்குப் பெட்டியில் எடுத்து வைக்க வேண்டும். இருவரையும் ஒரே காகிதத்தில் சுற்றும்படி ஷ்ரேயாவிடம் சொல்லியிருக்கிறேன்.