வண்டிக்கு விக்கல்

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து ஒரே காற்று. மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல். வீட்டுக்காரி தனத்திடம் திட்டு எனக்கு, காற்றுக்கு இல்லை.

நேற்று பக்ரீத். காசிம் கடை இன்றும் லீவு. காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம். வாரம் முழுக்க வாய் மூடாத ஆள், ரிமோட்டைக் கையில் எடுத்தால் ஊமை. தூக்குப்போசி நிறைய பிரியாணி கொண்டுவந்தான். வழக்கம்போல குண்டடம் ரோட்டுப் பாறைக்குழிக்குப் போனோம். கல் உடைத்துவிட்டு விட்டுப்போன பள்ளம். ஒரு பக்கம் தண்ணீர், அது அவன் ரிமோட் படகுக்கு. இன்னொரு பக்கம் சரிந்து கிடக்கும் கல், அது என் வண்டிக்கு.

பச்சை ஜீப், முழங்கை நீளம். பாறை ஏறுகிற வண்டி. வேகமாகப் போக எந்தச் சின்னப்பையனும் போவான், இது ஊர்ந்து ஊர்ந்து ஏற வேண்டும், அதில்தான் மரியாதை. சீட் உறை எங்கள் பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சிய ரிப் துணியில் நானே தைத்தது. இன்று புது மோட்டார் போட்டு முதல் ஓட்டம்.

முதல் கல்லிலேயே விக்கல். மெதுவாக விட்டால் ஒரு தள்ளு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு தள்ளு. வேகமாக விட்டால் ஒன்றும் இல்லை.

"புது மோட்டாருங்க மாஸ்டர். பழகோணுமில்லீங்க" என்றான் காசிம்.

பார்க்க வேண்டியவை: மோட்டார் ஒயர். கியர் பல். பேட்டரி பிளக். ரிமோட் செல்.

காசிம் படகை ஒரு நாய் நீந்தித் துரத்தியது. பிடிக்க முடியாமல் கரையேறி எங்கள் போசியையே பார்த்துக்கொண்டு நின்றது. கொடுத்தோம். மிச்சம் வைக்கவில்லை.

ஜூன் 11, புதன்

கம்பெனியில் குழந்தை டீ-ஷர்ட் ஆர்டர். நாள் பூராவும் கட்டிங் டேபிள். கால் கனத்துப்போச்சு.

சாயங்காலம் வண்டியைப் பிரித்தேன். ஒயர் மாற்றியாச்சு. கியர் பல் நல்லாத்தான் இருக்கிறது. பழைய மோட்டாரையே திரும்பப் போட்டுப் பார்த்தேன். விக்கல் போகவில்லை. அப்படியென்றால் மோட்டார் இல்லை, மோட்டாருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. சின்ன தீப்பெட்டி சைஸ். காசிமுக்கு போன். அவனிடம் ஒன்று சும்மா இருக்கிறதாம்.

தனம்: "ஏனுங்க, சோறு ஆறுது. அதுக்குப் பண்ற வைத்தியத்துல பாதிய உங்க முட்டிக்குப் பண்ணியிருந்தா இந்நேரம் மலையே ஏறியிருக்கலாமுங்க."

சின்ன ஸ்க்ரூ இரண்டு கீழே விழுந்து தொலைந்தது. இப்போதெல்லாம் அடிக்கடி விழுகிறது. கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

பெட்டி மாற்றிய பிறகும் விக்கல்.

சடைத்துப்போய்க் கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். காசிம் படகைக் கரையேற்றிவிட்டு வந்தான். "கொடுங்க, நான் ஒருக்கா பாக்கறன்" என்று ரிமோட்டை வாங்கினான். வண்டி வெண்ணெய் மாதிரி ஏறியது. நின்றது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஒரு தள்ளல் இல்லை.

நான் வாங்கினேன். விக்கல்.

அவன் வாங்கினான். இல்லை.

மறுபடி நான். மறுபடி விக்கல். அப்போதுதான் அவன் வண்டியைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். இடது ஆள்காட்டி விரல் ரிமோட்டின் விசை மேல். நான் அழுத்தாமலே அதுவாக ஆடிக்கொண்டிருந்தது, தையல் மெஷின் ஊசி மாதிரி. இத்தனை நாளும் நான் பார்க்கவில்லையா, பார்த்தும் பார்க்கவில்லையா, தெரியவில்லை.

"காத்துல கை குளுந்திருக்குமுங்க. டீ சாப்பிடலாம் வாங்க" என்றான்.

திரும்பி வரும் வழியில் காற்றாலை இறக்கைகள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டு நாளாக வேலையில் மனம் இல்லை, என் கையைத்தான் வேவு பார்க்கிறேன்.

சும்மா மடியில் வைத்தால் ஆடுகிறது. டிவி பார்க்கும்போது ஆடுகிறது. டம்ளரைப் பிடித்தால் நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆடுகிறது. கோபம் வந்தால் அதிகம். வெட்டும்போது இடது கைதான் துணி அடுக்கை அமுக்கிப் பிடிக்கும், வலது கை மெஷினைத் தள்ளும். இடது கைக்கு இரும்பு வளையக் கையுறை உண்டு. இன்று அந்தக் கையுறை சலசல என்று சத்தம் போட்டது. யாரும் கவனிக்கவில்லை. நான் வேண்டுமென்றே இருமினேன்.

தனத்திடம் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். ராத்திரி சோறு போட்டுக்கொண்டே அவளாகச் சொன்னாள்: "சட்டப் பொத்தான் போட இத்தன நேரமாச்சுன்னா எனக்குத் தெரியாதுங்களா. நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க."



ஜூன் 24, செவ்வாய்

கோயமுத்தூர். ஆஸ்பத்திரி. கூட்டம்.

டாக்டர் சின்ன வயசு, அமைதியான ஆள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். வலது கை தட்டியது. இடது கை கொஞ்சம் தட்டிவிட்டுச் சோர்ந்தது. காகிதத்தில் சுருள் வரையச் சொன்னார். நடக்கச் சொன்னார். "இடது கைய வீசாமயே நடக்கறீங்க, தெரியுமா?" என்றார். தெரியாது.

பார்க்கின்சன் என்றார். மெதுவாகத்தான் கூடும், மாத்திரையில் கட்டுக்குள் வைக்கலாம், முழுக்கப் போகாது. எல்லாவற்றையும் தனம் முகத்தைப் பார்த்தே சொன்னார். கடைசியில் என்னிடம், "என்ன வேலைங்க?"

"கட்டிங் மாஸ்டருங்க. துணி வெட்டறது."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பிளேடு கிட்ட கை கொண்டுபோக வேண்டாங்க. மாத்திரைக்கு எப்படிக் கேக்குதுன்னு பாத்துட்டுப் பேசலாம்."

பதினெட்டு வயசில் அந்த மேசைக்கு வந்தேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

பஸ்ஸில் தனம் வழக்கமாக ஜன்னலோரம் உட்காருவாள். இன்று என்னை ஜன்னலுக்குத் தள்ளிவிட்டு என் இடது பக்கம் உட்கார்ந்தாள். முந்தானைக்குள் என் கையை வைத்துப் பிடித்துக்கொண்டாள். அவிநாசி வரை விடவில்லை. அவள் கைக்குள்ளும் ஆடியது.

ஜூன் 26, வியாழன்

முதலாளியிடம் முதுகு வலி, ஒரு மாசம் லீவு என்று பொய். "ஒடம்பு மொதல்லீங்க மாஸ்டர்" என்றார். அதற்கே கண் கலங்கிவிட்டது, திரும்பிக்கொண்டேன். என்னிடம் அடுக்குப் போடுகிற பீகார்ப் பையன் கேட் வரை வந்து, "மாஸ்டர்ஜி, கப் ஆவோகே?" எப்போது வருவேன் என்று கேட்கிறான். விரலால் ஒன்று காட்டினேன். வலது கை விரல்.

மாத்திரை: காலை, மதியம், ராத்திரி. குமட்டல்.

ஜீப்பைப் பரண் மேல் போட்டாச்சு.

ஜூலை 6, ஞாயிறு

காசிம் வந்தான். "வாங்க மாஸ்டர், சும்மா காத்து வாங்கீட்டு வரலாம்." போகவில்லை. பரணிலிருந்து ஜீப்பையும் ரிமோட்டையும் அவனே இறக்கினான். ரிமோட்டில் செல் வைக்கிற இடத்தில் துரு பிடித்திருக்கிறது, சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனான். கொண்டுபோய்க் குப்பையில் போடு என்றேன். தனத்தின் முன்னால் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று சந்தோஷம். எழுதி வைக்க வேண்டும்.

தனம் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள். பாறைக்குழியில் காசிம் ரிமோட்டைக் கையில் கொடுத்தான். பயந்துகொண்டுதான் வாங்கினேன். விரல் வைத்தேன். வண்டி ஊர்ந்தது. விக்கல் இல்லை. நம்பாமல் நிறுத்தி மறுபடி விட்டேன். இல்லை. சின்னக் கல், அடுத்த கல், பிறகு ஒரு வருசமாக ஏற முடியாமல் உருண்ட அந்தப் பெரிய கல்லின் விளிம்பு. முன் சக்கரம் பிடித்தது, பின் சக்கரம் பிடித்தது, உச்சியில் போய் நின்றது.

மாத்திரை கேட்டுவிட்டது. அழுதேன். காசிமைக் கட்டிப் பிடித்தேன். அவன் மட்டும் என்னமோ போல நின்றான். வெயில் என்றான்.

தனம் கேசரி கிண்டினாள். முந்திரி ஜாஸ்தி.

ஜூலை 20, ஞாயிறு

இன்றும் வண்டி அழகாகப் போனது. டம்ளர் பிடிக்கும்போது கை ஆடத்தான் செய்கிறது. அது டம்ளர் கனம். விரல் சரியாகிவிட்டது, அதுதானே முக்கியம்.

ஆகஸ்ட் ஒன்று மேசைக்குப் போகிறேன் என்று காசிமிடம் சொன்னேன். படகு ஆணியை முறுக்கிக்கொண்டிருந்தான். அவன் கை நின்றுவிட்டது.

"டாக்டரக் கேட்டீங்களா?"

"என் கை எனக்குத் தெரியாதா? கண்ணால பாத்தீல்ல?"

"அதுக்கென்னங்க அத்தன அவசரம்" என்றான். எரிச்சலாக வந்தது. உன் கடைக்கு ஒரு மாசம் பூட்டுப் போட்டுப் பார், அவசரம் தெரியும் என்றேன். மறுபடி ஆணியை முறுக்கினான்.

முதலாளிக்கு போன் பண்ணிச் சொல்லியாச்சு.

ஜூலை 31, வியாழன்

நாளைக்கு வேலைக்கு. சட்டை தேய்த்து வைத்திருந்தேன். காலையில் காசிம் வந்து நின்றான், கடை திறக்கிற நேரத்தில். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"மாஸ்டர், நாளைக்குப் போகாதீங்க. கை சரியாகலீங்க."

நான் சிரித்தேன்.

"நாந்தான் ரிமோட்டுக்குள்ள மாத்தி வெச்சனுங்க. வெரலு எத்தன ஆடுனாலும் வண்டி நிதானமாத்தான் கேக்கற மாதிரி. நீங்க ஜீப்பத் தூக்கிப் பரண்ல போட்டது மனசுக்குத் தாங்கலீங்க. ஓட்டுனாப் போதும்னு நெனச்சனுங்க. நீங்க பிளேடுகிட்டப் போவீங்கன்னு நெனைக்கலீங்க. அந்த மெஷினுக்கு அப்படி வெக்க முடியாதுங்க மாஸ்டர். வெரலு போயிருமுங்க."

தனம் காபியோடு நின்றவள் அப்படியே நின்றாள்.

வெளியே போ என்றேன். போனான். காபியைக் கூடத் தொடவில்லை.

ரிமோட்டின் சின்னத் திரையைப் பார்த்தேன். மெனுவுக்குள் ஒரு மூலையில், விசையின் ஆட்டத்தை மட்டுப்படுத்துகிற இடத்தில் முப்பது. நான் எப்போதும் பூச்சியம்தான் வைத்திருப்பேன். அதைப் பூச்சியமாக்கி ஹாலிலேயே ஓட்டினேன். டைல்ஸ் மேல் விக்கி விக்கி சோபா வரை போனது.

அவன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். கேசரி தின்றேனே, அதை நினைத்தால்தான் அவமானமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

போகவில்லை. முதலாளிக்கு போனில் உண்மையைச் சொன்னேன். "வாங்க மாஸ்டர், அடுக்கு சரியா விழுதான்னு நின்னு பாருங்க. மெஷினத் தொட வேண்டாமுங்க" என்றார். நல்ல மனுசன். சரி என்றேன். வைத்ததும் குளியலறைக்குப் போய் பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன்.

தனம் கதவைத் தட்டவில்லை. தேய்த்த சட்டையை மடித்து பீரோவில் வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பதினெட்டு

தாராபுரம் பக்கம் போகிற வண்டியெல்லாம் நிறைய ஜனம், ஆற்றுக்கு. நான் பாறைக்குழிக்கு. சொல்லாமல்தான் போனேன். காசிம் இருந்தான். படகைத் தண்ணீரில் விடாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"வந்துட்டீங்களா" என்றான். ம் என்றேன். அவ்வளவுதான் சமாதானம்.

ஜீப்பைக் கீழே விட்டேன். பூச்சியத்தில் ஓட்டினேன், அவன் பார்க்கட்டும் என்று. சின்னக் கல்லிலேயே விக்கிப் பின்னால் உருண்டது. ரிமோட்டை நீட்டினேன்.

"போடு. இந்தத் தடவ என் கண்ணு முன்னால போடு."

முப்பது வைத்தான். ஓட்டினேன். விக்கல் இருந்தது, குறைவாக. அவன் நெற்றியைச் சுருக்கினான். "அன்னிக்கு முப்பதே போதுமா இருந்துச்சுங்க" என்றான், சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று அவன் முகத்தில் தெரிந்தது. முப்பத்தைந்து வைத்தான். அப்புறம் நாற்பது. நாற்பதில் வண்டி ஊர்ந்தது.

"எது வரைக்கும் போகும் இது?"

"நூறு வரைக்குமுங்க."

அவனும் கணக்குப் போட்டான், நானும் போட்டேன். மூன்று வாரத்தில் பத்து. வண்டியைப் பெரிய கல் பக்கம் திருப்பினேன்.