ஆறாம் திரையில் தெரிந்த பெண்மணியை வெளியேற்றியது குறித்து

அனுப்புநர்:
பகல்முறைப் பணியாளர்,
கண்காணிப்புக் கேமரா அறை,
அரசு மருத்துவமனை.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: வெளிநோயாளி ஒருவரைத் தவறாக வெளியேற்றியது – என் மீதே புகார் – பரிசோதனைத் தேதியை முன்னதாகத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஒன்பது ஆண்டுகளாகப் பதினாறு திரைகளைப் பார்த்து வருகிறேன். இங்கே ஒரு பர்ஸ்கூடத் திருடுபோக விட்டதில்லை. சக ஊழியர்கள் என்னைக் "கண்கொத்தி" என்றே கூப்பிடுவார்கள். சென்ற செவ்வாய்க்கிழமை வரை அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

2. டோக்கன் இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பெஞ்சில் இருப்பவரைப் பதிவேட்டில் எழுதி வெளியேற்றுவது இங்குள்ள நடைமுறை. அன்று ஆறாம் திரையில் ஒரு பெண்மணி. கேமரா உச்சியில் இருப்பதால் தலையும் மடியிலிருந்த பையும்தான் தெரிந்தன. "வேலையின்றி உட்கார்ந்திருக்கிறார்" என்று எழுதி, காவலரை அனுப்பினேன். அந்தப் பெண்மணி கையை ஆட்டி எதையோ விளக்கினார். திரையில் சத்தம் வராது. இரண்டு நிமிடத்தில் பெஞ்சு காலியானது.

3. அவர் என் மனைவி.

4. கழுத்துக் கட்டிக்கு ஊசிப் பரிசோதனைக்காக வந்திருக்கிறார். டோக்கனைச் செவிலியர் கோப்போடு உள்ளே வாங்கி வைத்திருந்தார். என் பெயரைச் சொல்லிச் சலுகை கேட்கும் பழக்கம் மனைவிக்கு இல்லை. உள்ளே அழைத்தபோது அவர் தெருவில் நின்றிருக்கிறார். "வரவில்லை" என்று குறித்து, நாற்பது நாள் தள்ளித் தேதி கொடுத்துவிட்டார்கள்.

5. வீட்டில் சொல்லவில்லையா என்று தாங்கள் கேட்கலாம். சொன்னார் ஐயா. கட்டியைப் பற்றி இரண்டு முறை சொன்னார். அன்று மாலையும், "உங்க ஆஸ்பத்திரியில என்னை வெளிய அனுப்பிட்டாங்க" என்றாராம். செருப்பைக் கழற்றுமுன் செல்போனைக் கையில் எடுப்பவன் நான். வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே "ம்" என்றேனாம். மறுநாள் மகள்தான், "அம்மா அழுதது உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டாள். ஓடிவந்து பதிவைப் போட்டுப் பார்த்தேன். எழுந்து போகுமுன் அவர் நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறார். அதற்குள் நான் ஏழாம் திரைக்குப் போய்விட்டிருக்கிறேன். அந்தப் பை நான் வாங்கிக் கொடுத்ததுதான்.

6. அன்று முதல் நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. எந்தத் தலையைப் பார்த்தாலும் யார் வீட்டு ஆளோ என்று எழுந்து கீழே ஓடிவிடுகிறேன். திரைகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கின்றன.

எனவே, என் மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்கிறேன். நாற்பது நாள் என்பது மட்டும் வேண்டாம் ஐயா. எனக்குப் பயமாக இருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமையே பரிசோதனை நடக்க ஆணையிட்டு, அன்று எனக்கு விடுப்பும் தர வேண்டுகிறேன். ஆறாம் திரையில் அன்று இரண்டு தலைகள் தெரியும். எவ்வளவு நேரமானாலும் எழுப்ப வேண்டாமென்று மாற்றுப் பணியாளரிடம் தாங்கள் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும்.

இடம்: கேமரா அறை
நாள்: வெள்ளிக்கிழமை

தவறை ஒப்புக்கொண்டு,
(ஒப்பம்)
பகல்முறைப் பணியாளர்