சார்ஜ் ஏறும் நேரம்

அன்புள்ள ஜாய்ஸுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். அத்தைக்கு இளைப்பு குறைந்ததா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

பதினொரு மணிக்கு ஏன் போன் வருவதில்லை என்று மெசேஜில் கேட்டிருந்தாய். பெரிதாக ஒன்றுமில்லை. படூரில் நாங்கள் அலமாரி மாட்டுகிற அடுக்குமாடிக்கு கான்ட்ராக்டர் புது டிரில் மிஷின் வாங்கி வந்தார். பழைய பேட்டரி மிஷினையும் புதியதையும் ஓட்டிப் பார்த்து, எது நல்லது என்று என்னைச் சொல்லச் சொன்னார். ஒரே பிளைவுட்டில் இரண்டாலும் ஸ்க்ரூ முடுக்கினேன். பழையது பாதியிலேயே முனகி நின்றது. புதியது சாயங்காலம்வரை களைக்கவில்லை. புதியதுதான் நல்லது என்றேன்.

மறுநாளே, "இது வந்தப்புறம் மூணு ஆளு இன்னாத்துக்கு?" என்று என்னோடு வேலை பார்த்த படாளத்துச் சாலமோனை நிறுத்திவிட்டார். அவன் கோபப்படவில்லை. "நல்லாகீதுன்னு நீதாண்ணா சொன்ன" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அடுத்தது நான்தான் என்று தோன்றுகிறது. அத்தையிடம் சொல்லாதே.

பழைய பேட்டரி பதினொரு மணிக்கெல்லாம் இறங்கிவிடும்; அது சார்ஜ் ஏறும் நேரத்தில்தான் உன்னோடு பேசுவேன். இப்போது அந்த நேரம் இல்லை. ராத்திரி அறையில் எல்லோரும் இருக்கும்போது எனக்குப் பேச வரவில்லை.

முடிந்தால் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. என் பழைய கை ஸ்க்ரூடிரைவரை யாருக்கும் கொடுத்துவிடாதே.

கூப்பிடுகிறார்கள். பதினொரு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்காராதே. இந்தப் புது பேட்டரி இறங்குவதே இல்லை.

உன்
ஜெபசிங்