அயனம்பாக்கம் வண்டி, டிரைவர் சீட்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். வேனின் பின்கதவு ஒழுகுகிறது. ஊரார் வண்டிக்கெல்லாம் ரப்பர் மாற்றுகிறேன், என் வண்டிக்கு மட்டும் நேரமில்லை. ஸ்பேனர் எல்லாம் நனைந்து, துடைத்து, எண்ணெய் போட்டு, கிளம்பவே தாமதம்.

இன்று:
மேனாம்பேடு: ஹாரன் அடிக்கவில்லை. அதற்கு அண்ணன் தம்பிக்குள் சண்டை.
திருவேற்காடு: பின் பிரேக். தெருவில் தண்ணீர். அதில் உட்கார்ந்துதான் வேலை.
அம்பத்தூர் எஸ்டேட்: இன்று முடியாது என்று சொல்லிவிட்டேன். நான் முன்பு வேலை பார்த்த சர்வீஸ் சென்டர் வாசல் வழியாகப் போகப் பிடிக்கவில்லை.

அங்கே இருந்தவரை வண்டி மட்டும்தான் வரும். இப்போது பானட்டைத் திறந்தால் வீடே சுற்றி நிற்கிறது. யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை தெரிந்துவிடுகிறது. வீடு தேடிப் போய் ரிப்பேர் என்று போர்டு எழுதும்போது இதை யோசிக்கவில்லை.

மேனாம்பேட்டுப் பெரியவர்: "இன்னா பாய், ஊட்டுக்கே வந்து செய்றியாமே. டாக்டரே இப்பல்லாம் வர்றதில்ல."

சாயங்காலம் ஒரு போன். அயனம்பாக்கம், ஏரிப் பக்கம். மெதுவான குரல். "ஒரு வருஷமா நிக்குதுங்க. திருவேற்காடு கோயிலுக்குப் போய்ட்டு வர்ற மாதிரி பண்ணிக் குடுத்தா போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

அயனம்பாக்கம். போன் செய்தவர் ராஜேந்திரன் சார், ஆவடி ஃபாக்டரியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஓட்டத் தெரியாது. ஷெட்டில் வெள்ளை வண்டி, உறை போட்டு, உறை மேல் செங்கல் வைத்து. உள்ளே எலி. ஒயர் கடித்திருந்தது. பேட்டரி செத்துவிட்டது. பழைய பெட்ரோலை இறக்கி, ஒயர் சுற்றி, புது பேட்டரி. மதியத்துக்குள் ஸ்டார்ட். ஒரே இருமலில் பிடித்துக்கொண்டது. சந்தோஷமாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

ஓட்டிப் பார்க்க ஏறினேன். என் உயரத்துக்குக் கால் எட்டவில்லை. கை தானாகச் சீட்டுக்கு அடியில் போய்க் கம்பியைத் தூக்கியது, சீட்டை முன்னால் இழுத்தது. பிறகு கண்ணாடியைத் திருப்பியது. எந்த வண்டியிலும் இதுதான் முதல் வேலை. நினைத்துச் செய்வதில்லை.

தெருவைச் சுற்றி வந்து, என் வழக்கப்படி சீட் பல் பல்லாக நகரும் இரும்புத் தடத்தைத் துணியால் துடைத்து கிரீஸ் வைத்தேன். நான் இலவசமாகச் செய்து கொடுப்பது இது. சீட் வழுக்கிக்கொண்டு போகும்போது கஸ்டமர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

சாருடைய வீட்டம்மா வெளியே வந்தார். டிரைவர் கதவைத் திறந்து பார்த்தார்.

"சீட்ட நகத்தினீங்களா தம்பி?"

"ஆமாம்மா. கால் எட்டல."

கதவைச் சத்தம் வராமல் மூடிவிட்டு உள்ளே போனார்.

சார் தெருமுனை வரை கூடவே வந்தார். ஒரே பையன், செந்தில். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் திருவேற்காட்டுக்கு இதே வண்டியில் கூட்டிப் போனான். இரண்டு நாளில் ஆபீஸ் பஸ்ஸில் போனவன் திரும்பவில்லை. நெஞ்சு வலி. அதற்குப் பிறகு அந்த சீட்டில் யாரும் உட்கார்ந்ததில்லை.

"அவன் வெச்ச எடத்துலயே இருந்துது. துக்க வீடுன்னு ஒரு வருஷமா கோயில் படி மிதிக்கல. திதி முடிஞ்சதும், செந்தில் வண்டியிலதான் போவேன்னு சொன்னா. உங்ககிட்ட நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். எம் மேலதான் தப்பு."

எந்த மெக்கானிக்கிடம் இதைச் சொல்வார்கள்?

நவம்பர் 5, புதன்

மழை. இரண்டு வேலை. இரண்டும் கெட்டது.

ஆவடி குவார்ட்டர்ஸில் கிளட்ச் பார்க்க ஏறினேன். கை சீட்டுக்கு அடியில் போய் நின்றுவிட்டது. இழுக்க வரவில்லை. நுனியில் உட்கார்ந்து, காலை நீட்டி நீட்டி ஓட்டினேன். கேட் தூணில் இடிக்கப் பார்த்தேன். வண்டிக்காரர் சிரிக்கிறார்: "இன்னா பாய், குதிர மேல குந்திகினு போற மாதிரி போற. சீட்ட இஸ்துக்கோ."

எல்லா சீட்டிலும் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். முதுகு அழுந்திய பள்ளம், தலை எண்ணெய், கை வைத்து வைத்துப் பளபளத்த இடம். இத்தனை வருஷம் அவர்கள் மடியில் ஏறி உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன்.

இன்னொன்று. அந்தக் கண்ணாடியைத் திருப்புவதற்கு முன் அதில் என்ன தெரிந்தது? அவன் வைத்த கோணம். ஒரு வருஷமாக ஏதோ ஒன்றைக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. என் மூஞ்சி தெரிகிற மாதிரி திருப்பிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது வேனில் பின்னால் யாரோ இருப்பது போல. பின்னால் இருப்பது ஜாக்கியும் டயரும். இருந்தாலும் இரண்டு முறை நிறுத்திப் பார்த்தேன். பயம் என்று வீட்டில் சபீனாவிடம் சொல்லவில்லை. பயம்தான்.

வாங்க வேண்டியது: கதவு ரப்பர், ஃபியூஸ், சபீனாவுக்கு மாத்திரை.

நவம்பர் 6, வியாழன்

விடிந்ததும் அயனம்பாக்கம். யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். இரும்புத் தடத்தில் பழைய அழுக்கு நின்ற கோடு இருக்கும், அதை வைத்து சீட் எங்கே இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பு. ஒரு வருஷத் தூசி பொய் சொல்லாது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தம். பளிச்சென்று இருக்கிறது. நான் துடைத்த துடைப்பு. என் கிரீஸ்.

படுத்தவாக்கில் டார்ச்சை அணைத்தேன். என் தொழில் சுத்தத்தின் மேல் இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

சார் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "ஆறடி இருப்பான். சாஞ்சி உக்காருவான். அதுக்கு மேல எனக்குத் தெரியலையேப்பா." பையனைப் பற்றித் தெரியாமல் போனதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்பது போல இருந்தது.

"அம்மா இன்னா சொல்றாங்க?"

"கோயிலுக்கு வரலன்னுட்டா. அவன் இருந்த எடமும் போச்சு, இனி எதுக்குன்னு கேக்கிறா."

ஜன்னலில் அந்த அம்மா. என்னைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து சபீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி களைந்தபடியே கேட்டாள். "ஏதோ ஒரு பல்லுல வெச்சிட்டு, இதுதாம்மான்னு சொல்லிட்டு வந்துடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது? பாவம், அந்தம்மா கோயிலுக்காவது போவும்."

அவள் சொல்வதும் நியாயம்தான். அதுதான் தொல்லை.

நவம்பர் 7, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து நேரே அயனம்பாக்கம். மழை விட்டு, ஏரிப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று. வழியெல்லாம் பொய்யை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

சீட்டைப் பின்னால் தள்ளி, ஆறடி ஆளுக்கு ஒத்துவரும் ஒரு பல்லில் நிறுத்தினேன். சாரிடம், "கோடு கெடச்சிட்டுது சார், அம்மாவக் கூப்பிடுங்க," என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்பவில்லை. ஆனாலும் போய்க் கூப்பிட்டார்.

அந்த அம்மா வந்து டிரைவர் கதவுப் பக்கம் போகவே இல்லை. பின்கதவைத் திறந்து, சீட்டுக்கு நேர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். கொஞ்சம் அசைந்தார்.

"இது இல்ல தம்பி."

என் காது சூடானது. பொய் அவ்வளவு நேரம்கூடத் தாங்கவில்லை.

"முன்னாடி ஏறி உக்காருங்க. பின்னாடி தள்ளுங்க."

உட்கார்ந்தேன். கம்பியைத் தூக்கி ஒரு பல் தள்ளினேன்.

"இன்னும்."

இன்னொரு பல். முதுகில் ஏதோ முட்டியது. அவருடைய முழங்கால்.

"இடிக்குதேம்மா."

"இடிக்கட்டும். அவன்கிட்டயும் தினம் சொல்லுவேன், காலு வலிக்குதுடா, முன்னாடி போடான்னு. கேக்கவே மாட்டான். இன்னும் ஒண்ணு."

தள்ளினேன். இரண்டு முழங்காலும் சீட் துணி வழியாக என் முதுகில் பதிந்தன.

"ஆங். இதான்."

சார் வெளியே சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தார். பிறகு அவரும் வந்து முன்னால் இடப்பக்கம் ஏறிக்கொண்டார். யாரும் என்னை ஓட்டுகிறாயா என்று கேட்கவில்லை. இறங்குகிறேன் என்று நானும் சொல்லவில்லை.

கால் எட்டவில்லை. இடுப்பைச் சரித்து, கட்டைவிரல் நுனியில் கிளட்ச். சீட்டை ஒரு பல் முன்னால் இழுத்தால் சுகம். கை அந்தப் பக்கமே போகவில்லை. மெதுவாகத்தான் போனேன், ஷேர் ஆட்டோக்காரன் எல்லாம் திட்டிக்கொண்டு முந்தினான். பிரேக் போடும்போதெல்லாம் முழங்கால்கள் அழுத்தும், பிறகு லேசாக விடும். கண்ணாடியைத் திருப்பவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பார்த்தால் அதில் என் முகம் இருக்காது என்று பட்டது.

திருவேற்காடு திருப்பத்தில் கூட்டம். வண்டியை நிறுத்தினேன். சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து முழங்கால் முதுகில் லேசாக, வேண்டுமென்றே, இரண்டு முறை தட்டியது.

"செந்தில், சாப்டியாடா?"

சார் திரும்பினார். அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"சாப்டேம்மா," என்றேன்.