எறா தொக்கு டப்பாவும் ரெண்டு சைக்கிள் பையும்

திருவொற்றியூர்
மே 11, ஞாயிறு

செங்குட்டுவனுக்கு அம்மா வரலட்சுமி எழுதிக்கிறது. இங்க நானும் நைனாவும் ஷாலுவும் சொகமா கீறோம். ஜெர்மனில நீ சொகமா கீறியான்னு நான் கேக்கப் போறதில்ல, பதினஞ்சு நாளு சைக்கிள் மிதிக்கத் தெம்பு கீறவன் சொகமாத்தான் இருப்பான். நீ கேட்ட பை ரெண்டும் தச்சு முடிச்சுட்டேன், இந்தக் கடுதாசியும் அதுக்குள்ளயே வெச்சுத்தான் அனுப்பறேன். போன்லயே பேசியிருக்கலாம், ஆனா போன்ல நீ குறுக்க பேசுவ, பேசினா பொய் சொல்லுவ, நானும் ஊம் கொட்டி கேட்டுக்கினு இருப்பேன். கடுதாசில அந்தப் பேஜாரு இல்ல, நீ வாயைத் தொறக்காம கடைசி வரிக்கும் படிக்கலாம்.

மொதல்ல பை சமாச்சாரம். நீ அனுப்ச்ச மூணு போட்டோவும் பாத்தேன். முதுவுல மாட்டற பை வேணாம், ஒரு மணி நேரம் மிதிச்சா முதுவு வெந்து பூடும், அத்தினி கனமும் குந்தற எடத்துல எறங்கும். சீட்டுக்குப் பின்னால வாலு மாதிரி நீட்டிக்கினு கீற பை பாக்க ஷோக்காத்தான் கீது, ஆனா வளைவுல ஆடும், கூடாரமும் அதுல கொள்ளாது. காசிமேட்டுல சைக்கிள்ல ஐஸ் பொட்டி கட்டிக்கினு போறவங்களைப் பாத்து வளந்தவன் தானே நீ, கனம் கீழ எறங்க எறங்கத்தான் வண்டி நம்ம பேச்சைக் கேக்கும். அதனால பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் தொங்கற மாதிரி ஜோடியா தச்சு கீறேன். லாரிக்குப் போடற தார்பாய் கனம், அதை வுட்டுட்டு பட்டறை முதலாளி கிட்ட கெஞ்சி மெல்லிசுத் துணி வாங்கினேன், தண்ணி ஊறாது. வாயை மூணு சுத்து சுருட்டி கொக்கி மாட்டு. மிதிக்கும்போது குதிகால் இடிக்காம இருக்க முன்னாடி ஓரத்தை சாய்ச்சு வெட்டி கீறேன். கூடாரத்தை ஒரு பக்கம் போட்டா அதே கனத்துக்கு மறு பக்கமும் போடு, இல்லாங்காட்டி வண்டி இஸ்துக்கினு போவும். பை ரெண்டும் சேந்து எண்ணூறு கிராமு, நைனாவோட தோஸ்து மஜீது பாய் மளிகைக் கடைத் தராசுல வெச்சுப் பாத்தேன். இருவது வருசமா கன்டெய்னர் லாரிக்குத் தச்ச கை, எவன் மேல கோவம் இருந்தாலும் தையலு கோணாது.

பைக்குள்ள இன்னா இன்னா போவும்னு நீ அனுப்ச்ச லிஸ்டை ஷாலு தான் எனக்குப் படிச்சுக் காட்டினா. கூடாரம் ஒண்ணே கால் கிலோ, தூங்கற பை எழுநூறு கிராமு, துண்டு நாப்பது கிராமு, பல்லு வெளக்கற பிரஷ்ஷு காம்பைப் பாதியா வெட்டினா எட்டு கிராமு மிச்சம்னு படிச்சுட்டு வுழுந்து வுழுந்து சிரிச்சா. அப்பால அடியில வந்தா, ஜூன் மூணு கெளம்பறோம், பதினேழு திரும்பறோம்னு போட்டு கீது. அந்த எடத்துல நிறுத்திட்டா. உன் தங்கச்சி கல்யாணம் ஜூன் எட்டுன்னு உனக்கு ஞாபகம் கீதா? மார்ச்சு மாசம் லீவே குடுக்க மாட்றான்மான்னு மூக்கை உறிஞ்சிக்கினே சொன்னியே, நைனா அன்னிக்குச் சோறே துன்னல, நானும் அந்தக் கம்பெனிக்காரனை நல்லா இருப்பானான்னு மண்ணை வாரித் தூத்தினேன். பாவம், அவன் இன்னா பண்ணான். பிரஷ்ஷை வெட்டத் தெரிஞ்சவனுக்கு அந்தத் தேதியை வெட்டத் தெரியலயேடா. ஷாலு கொடத்தை எடுத்துக்கினு தண்ணி லாரிக்குப் போயிட்டா. திரும்பி வந்து, அண்ணன் கிட்ட ஒண்ணும் கேக்காதம்மா, பையை மட்டும் தச்சு அனுப்புன்னு சொன்னா. அவளுக்காகத் தான் தச்சேன், உனக்காக இல்ல.

பொய் உனக்குப் புதுசும் இல்ல, அதை இத்தினி நாளா நான் சொல்லல. ஆறு வருசம் மின்னாடி நீ பிளேன் ஏறப்ப, காத்திவாக்கம் வரைக்கும் போய் கழிமுகத்து எறா வாங்கியாந்து, நாலு மணி நேரம் அடுப்பாண்ட நின்னு எண்ண பிரியப் பிரிய தொக்கு கிண்டி ஒரு டப்பா நெறைய குடுத்தேன். உனக்குப் பேர் வெச்ச அன்னிக்கு வாங்கி ப. செங்குட்டுவன்னு பேர் வெட்டின எவர்சில்வர் டப்பா. நான் வந்தா அழுது மானத்தை வாங்குவேன்னு வூட்லயே வுட்டுட்டு நீயும் நைனாவும் போனீங்க. போய்ச் சேந்ததும் போன் பண்ணி தொக்கு எப்டிரா கீதுன்னு கேட்டா, ரூம்ல கீற பசங்க டப்பாவை வழிச்சு நக்கிட்டானுங்கம்மான்னு சொன்ன. நானும் மெய்யின்னு நம்பி தெருவெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன். மூணு மாசத்துல நோம்பு வந்துச்சு. மஜீது பாய் பொஞ்சாதி ஜீனத் நோம்புக் கஞ்சி எடுத்துக்கினு வந்தா. எந்த டப்பாவுலன்னு நெனைக்கிற? உன் பேர் வெட்டின டப்பாவுல. அக்கா, உங்க ஏனம் ரொம்ப நாளா எங்க வூட்லயே கீது, வெறும் ஏனமா திருப்பக் கூடாதேன்னு கஞ்சி ஊத்தியாந்தேன், தம்பி ஏர்போர்ட்டுல கனம்னு திருப்பிக் குடுத்துட்டாராமே, அத்தினி எறாவும் நாங்க தான் துன்னோம், இன்னா ருசிக்கான்னு சிரிச்ச மூஞ்சா சொல்றா. அவ மேல தப்பில்ல, அவளுக்கு யாரும் பொய் சொல்லக் கத்துத் தரல. மூட்டையில மூணு கிலோ அதிகம்னா எடுக்கறதுக்கு உனக்கு வேற எதுவும் கெடைக்கலயா? ஏர்போர்ட்டு வாசக் கதவாண்ட நின்ன நைனா கையில அதைத் திணிச்சுட்டு போயிட்ட, அந்த மனுசன் அதை வூட்டுக்குக் கொண்ணார தைரியமில்லாம தோஸ்து வூட்டுல எறக்கிட்டாரு. கஞ்சி சூடா இருந்துச்சு, நான் ஒரு வாய் கூட குடிக்கல. எனக்கு அவ்ளோ வலிச்சுது.

ஆனா யார்கிட்டயும் வாயைத் தொறக்கல. அன்னிலேருந்து வருசா வருசம் உன்னை அந்த டப்பாவைப் பத்திக் கேக்கறேனே, ஞாபக மறதின்னா நெனச்ச? நீ எப்டிப் பொய் சொல்றன்னு கேக்கத்தான். டப்பா பத்தரமா கீதாடான்னா, அலமாரில கீதும்மா, அதுல தான் சர்க்கரை போட்டு வெச்சுகீறேன்னு சொன்ன. நீ சொல்லச் சொல்ல அது நைனா கண்ணுல படாம முந்தானைக்குள்ள என் மடியில இருந்துச்சு, உள்ள புளி போட்டு வெச்சிருந்தேன். நைனா பக்கத்துல குந்திக்கினு தரையைப் பாத்துக்கினு இருப்பாரு, அவர் குனியறதைப் பாக்கவே இன்னும் ரெண்டு கேள்வி சேத்துக் கேப்பேன். கொடுமைக்காரின்னு நெனச்சுக்கோ, பரவால்ல. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சொல்லுவாங்க. கல்லுக்காச்சும் கனம் உண்டு. உன் மனசு எத்தினி கிராமுன்னு அந்த லிஸ்டுல சேத்து எழுது.

இனிமே அவசரமா டிக்கெட்டு போட்டுக்கினு ஓடி வராத. மாப்ளைக்கு மோதிரம் போட பொண்ணுக்கு அண்ணன் வேணும், தப்ரேஸைக் கூப்ட்டுச் சொல்லிட்டேன், ஜீனத் பெத்த புள்ள, உன்னோட ஒண்ணா கோலி ஆடினவன். அவன் கண்ணுல தண்ணி வுட்டுக்கினு, செங்குட்டு வந்துருவான்மா, எனக்கு வேணாம்மான்னான். வர மாட்டான், நீ நில்லுடான்னு சொல்லிட்டேன். பத்திரிகைல உன் பேரு அச்சடிச்சு கீது, அதை அழிக்க முடியல. நைனா கிட்டயும் நேத்து எல்லாத்தையும் போட்டு ஒடச்சுட்டேன். ஆறு வருசமா தெரியுமான்னு ஒரே ஒரு தபா கேட்டாரு, அப்பால எழுந்து போய் மூஞ்சி கழுவிக்கினாரு.

மழையில நனையாத, ஹெல்மெட்டைக் கழட்டாத, டயருல காத்து பாத்துட்டு மிதி. நீ நல்லா இருக்கணும், இந்தக் கடுதாசில அதை மட்டும் கோவமில்லாம எழுதறேன். மறக்காம ஒண்ணு, எடது பக்கப் பையில உள்ளாற ஒரு ஜோபி தச்சு கீறேன், அதுல உன் டப்பா கீது. வெறும் ஏனம் அனுப்பக் கூடாதுன்னு ஜீனத்துக்கே தெரியும், எனக்குத் தெரியாதா, தெரிஞ்சே தான் வெறுசா அனுப்பறேன். முன்னூத்தி அறுவது கிராமு. கனம்னு தோணும், எடுத்துரு. ஆனா இந்தத் தபா வாங்கிக்க வாசக் கதவாண்ட நைனா நிக்க மாட்டாரு.

இப்படிக்கு,
உன்னைப் பெத்தவ
ப. வரலட்சுமி